மிஸ்டர் பேலட் பாக்ஸ்

2022 ஜூலை இரண்டாம் வாரம். டெல்லியிலிருந்து மாநிலத் தலைநகரங்களுக்குக் கிளம்பிய விமானங்களில் ஒரு வித்தியாசமான பயணி இருந்தார். டிக்கெட்டில் பெயர், மிஸ்டர் பேலட் பாக்ஸ். முன்வரிசையில் இருக்கை, பக்கத்தில் துணைக்கு ஓர் அதிகாரி. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான வாக்குப்பெட்டி ஒரு நொடிகூட அதிகாரியின் பார்வையிலிருந்து விலகக் கூடாது என்பதால் தேர்தல் ஆணையம் செய்த ஏற்பாடு இது.

மக்களவைத் தேர்தல் என்றால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் வேண்டும். இங்கே 2022இல் வாக்காளர்களே மொத்தம் 4,809 பேர்தான்: 776 எம்.பி.க்கள், 4,033 எம்.எல்.ஏ.க்கள். செலவு மிச்சம் என்பது வெளிப்படையான லாபம். ஆனால் இந்த மறைமுகத் தேர்தலுக்கு அரசியல் நிர்ணய சபையில் நேரு சொன்ன முக்கியக் காரணம் வேறு. அதிகாரம் அமைச்சரவையிடமும் நாடாளுமன்றத்திடமும் இருக்கும்போது, நாடே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரை அதிகாரமில்லாமல் உட்கார வைப்பது பொருந்தாது என்றார். கே.டி. ஷா போன்றவர்கள் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று வாதாடினார்கள், சபை ஏற்கவில்லை.

சென்னைக்கு வந்த பெட்டி ஜார்ஜ் கோட்டையில் வாக்குப்பதிவுக்கு வைக்கப்பட்டது. ஜூலை 18 அன்று எம்.எல்.ஏ.க்கள் கையில் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சை. சட்டைப்பையில் இருக்கும் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, ஆணையத்தின் ஊதா மை பேனாவைக் கொடுப்பார்கள். சின்னமும் இல்லை, பொத்தானும் இல்லை. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும்.

சீட்டு ஒன்றுதான், மதிப்பு ஒன்றல்ல. தமிழக எம்.எல்.ஏ.வின் ஓட்டு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் வெறும் 7. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த மதிப்பு. 234 பேருக்கும் சேர்த்து தமிழகப் பெட்டியின் கனம் 41,184. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பும் நாடாளுமன்றத்தின் மொத்த மதிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி எம்.பி.யின் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். 2022இல் அது 700. டெல்லியில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி, மாநிலங்களைக் கண்டுகொள்ளாமல் தன் ஆளை உட்கார வைத்துவிட முடியாது. மறைமுகத் தேர்தலின் பெரிய பலம் இதுதான்.

வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகள் மறுபடி விமானமேறி மாநிலங்களவைச் செயலகத்துக்குத் திரும்பின. ஜூலை 21 அன்று எண்ணிக்கை. திரௌபதி முர்முவுக்கு 6,76,803, யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. கேரளத்தின் 140 ஓட்டுகளில் ஒன்று முர்முவுக்கு விழுந்திருந்தது. அவரை நிறுத்திய கூட்டணிக்கு அந்தச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. போட்டவர் யார் என்று யாரும் கேட்க முடியாது: ஓட்டு ரகசியம், கொறடா உத்தரவும் செல்லாது. 1969இல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை வி.வி. கிரி இரண்டாம் விருப்ப ஓட்டுகளின் துணையோடு வென்றதும் இப்படித்தான்.

அப்படிப்பட்ட திருப்பம் அபூர்வம் என்பதே இந்த முறையின் குறை. கட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் பெட்டி கிளம்பும் முன்பே முடிவு தெரிந்துவிடும். கட்சித் தலைமைகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், நெருக்கடியான நேரத்தில் அவர்களிடம் கேள்வி கேட்பாரா? 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலேயே வந்த நெருக்கடிநிலை அறிவிப்பில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார்.

இன்னொரு சிக்கல், அந்த 176ஐத் தந்தது 1971 மக்கள்தொகைக் கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்று உறைய வைத்த எண் அது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரைதான் அதற்கு ஆயுள். புதிய கணக்கு வந்தால் தென்மாநிலப் பெட்டிகளின் பங்கு குறையும்.

அதிகாரம் பிரதமரிடம் இருக்கிறவரை குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கோட்டைக்கும் டெல்லிக்கும் பெட்டி பறப்பதே சரி. ஆனால் மாநிலங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சம பங்கு என்ற நியாயத்தில் நிற்கும் தேர்தல், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் ஓட்டைக் குறைக்கக் கூடாது. அந்தக் கணக்கைப் புதுப்பிக்கும் முன்பே நாடாளுமன்றம் இதற்கு வழி சொல்லியாக வேண்டும்.