எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி

எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி என்பது 1817 ஆம் ஆண்டு மும்பையில் பிரித்தானிய அரச கடற்படைக்காகக் கட்டப்பட்ட ஒரு பாய்மரப் போர்க்கப்பல் ஆகும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையின் பெயர், ஐரோப்பியர் உச்சரித்த வடிவில் இக்கப்பலுக்கு இடப்பட்டது. தற்போது இது இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுக நகரான ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நீரில் மிதந்து கொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இதுவே மிகப் பழமையானது. இதனினும் பழமையான விக்டரி என்னும் கப்பல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கின்றது.

பெயர்க் காரணம்

அமெரிக்க விடுதலைப் போரின்போது இந்தியப் பெருங்கடலிலும் பிரான்சும் பிரித்தானியாவும் மோதின. 1782 ஆகத்து இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். அதை மீட்க வந்த எட்வர்டு இயூசின் கடற்படையுடன் செப்டம்பர் 3 அன்று துறைமுகத்துக்கு வெளியே கடும் சண்டை நடந்தது. இரு தரப்புக்கும் வெற்றி கிடைக்கவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து நிலையாகப் பெற்றது 1795 இல் தான். கப்பலின் பெயர் 1782 ஆம் ஆண்டுச் சண்டையை நினைவுகூர்கின்றது. வெற்றி பெறாத ஒரு சண்டையின் பெயரைக் கடற்படை தேர்ந்தெடுத்தது சற்று வியப்புக்குரியதே.

வடிவமைப்பு

பிரிகேட் எனப்படும் வகைக் கப்பல்களில் முதன்மைப் பீரங்கிகள் ஒரே தளத்தில் வரிசையாக அமைந்திருக்கும். பெரும் போர்க்கப்பல்களைவிட விரைவாகச் செல்லக்கூடிய இவை வேவு பார்த்தல், வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்லுதல் முதலிய பணிகளுக்குப் பயன்பட்டன. டிரிங்கோமாலி இவ்வகையில் லீடா வகுப்பைச் சேர்ந்தது. இவ்வகுப்பின் வரைபடம் ஈப் என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து எடுக்கப்பட்டது. அக்கப்பல் பிரித்தானியரிடம் பிடிபட்ட நாள் 1782 செப்டம்பர் 4, அதாவது திருகோணமலைச் சண்டைக்கு மறுநாள். கப்பலின் பெயரும் வடிவமும் அடுத்தடுத்த இரு நாள்களில் நடந்த நிகழ்வுகளிலிருந்து வந்தவை என்பது தற்செயலே.

பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர். அகலம் ஏறத்தாழ 12 மீட்டர். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், தலைப்பாகை அணிந்த இந்தியர் ஒருவரின் மரச் சிலை பொருத்தப்பட்டுள்ளது.

மும்பையில் கட்டுமானம்

நெப்போலியனுடனான நீண்ட போரினால் இங்கிலாந்தில் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எனவே தேக்கு கிடைக்கும் மும்பையில் கப்பல்களைக் கட்டுவிக்கக் கடற்படை முடிவு செய்தது. மும்பைக் கப்பல் கட்டும் தளத்தை, 1736 இல் சூரத்திலிருந்து வந்த லவ்சி நசர்வான்சி வாடியாவின் வழியில் வந்த பார்சிக் குடும்பத்தினர் நடத்தி வந்தனர். டிரிங்கோமாலியைக் கட்டிய தலைமைக் கட்டுநர் சாம்செட்சி பொமான்சி வாடியா ஆவார். பிற்காலத்தில் 1842 இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிசு கப்பலும் இத்தளத்தில் கட்டப்பட்டதே.

கட்டுவதற்கான ஆணை 1812 அக்டோபரில் பிறந்தது. வரைபடங்கள் சாவா என்ற கப்பலில் மும்பைக்கு அனுப்பப்பட்டன. வழியில் பிரேசில் கரைக்கு அப்பால் 1812 டிசம்பர் 29 அன்று அமெரிக்கக் கப்பலான கான்சுடிடியூசன் சாவாவைத் தோற்கடித்தது; பின்னர் அது தீயிட்டு அழிக்கப்பட்டது. வரைபடங்களின் மறுபடி ஒன்றை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1797 இல் கட்டப்பட்ட அந்தக் கான்சுடிடியூசன் இன்றும் பாசுடன் துறைமுகத்தில் மிதக்கின்றது. உலகில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் முதலாவது மூத்த கப்பலாக அதையும், இரண்டாவதாக டிரிங்கோமாலியையும் குறிப்பிடுவர்.

1816 ஏப்ரலில் ஏரா, அதாவது அடிமரம், இடப்பட்டது. பார்சி முறைப்படி வெள்ளி ஆணி அறையும் சடங்குடன் வேலை தொடங்கியது. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 23,000 பவுண்டுகள்.

இக்கப்பல் நிலைத்து நின்றதற்குத் தேக்கே முதற்காரணம். ஓக் மரத்திலுள்ள அமிலம் அதில் அடிக்கப்பட்ட இரும்பு ஆணிகளை அரிக்கும். ஆணி துருப்பிடிக்க, சுற்றியுள்ள மரமும் கெடும். தேக்கில் உள்ள எண்ணெய் இரும்பைக் காப்பதுடன் பூச்சிகளையும் அண்ட விடுவதில்லை. இன்றைய கப்பலில் உள்ள மரத்தில் பாதிக்கும் மேற்பட்டது மும்பையில் பொருத்தப்பட்டதே ஆகும்.

பணிக்காலம்

கப்பல் முடியும் முன்பே 1815 இல் நெப்போலியன் போர் முடிந்துவிட்டது. இங்கிலாந்து செல்லும் வழியில் 1819 சனவரியில் செயின்ட் எலனாத் தீவில் ஆறு நாள்கள் தங்கி, அங்குச் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்த சான் சுடோக்கோ என்பவரை ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத்தை அடைந்தது. அதன்பின் பாய்மரங்கள் கழற்றப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சேமிப்பில் கிடந்தது. பல கப்பல்கள் போரிலும் புயலிலும் அழிந்த வயதை இது கூரையின் கீழ் கழித்தது.

1845 இல் இது கார்வெட் வகையாக மாற்றப்பட்டது. பீரங்கிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் ஆற்றல் கூட்டப்பட்டது. சதுரமான பின்புறம் வளைவாகத் திருத்தப்பட்டது. 1847 இல் தளபதி ரிச்சர்டு வாரன் தலைமையில் வட அமெரிக்கா மற்றும் மேற்கிந்தியத் தீவுகள் பகுதிக்குச் சென்றது. எயிட்டியில் கலவரம் அடக்குதல், அடிமை வணிகக் கப்பல்களைத் தடுத்தல் ஆகிய பணிகளில் ஈடுபட்டு 1850 இல் திரும்பியது.

1852 இல் வாலசு ஊசுட்டன் தலைமையில் பசிபிக் கடலுக்குப் புறப்பட்டது. 1854 இல், வடதுருவப் பகுதியில் காணாமற்போன பிராங்க்ளின் குழுவைத் தேடும் பணியில் இருந்த பிளவர் கப்பலுக்குப் பொருள்கள் கொண்டு சென்றது. கிரிமியப் போரில், உருசியாவின் பெத்ரோபாவ்லோவ்சுக் துறைமுகத்தின் மீது 1854 இல் நடந்த தோல்வியுற்ற தாக்குதலில் இது இல்லை. 1855 இல் கூட்டுப்படையுடன் அங்குச் சென்றபோது உருசியர் ஊரைக் காலி செய்துவிட்டிருந்தனர். பீரங்கிகள் பல தாங்கிய கப்பலாயினும் பெரிய கடற்போர் எதிலும் இது கலந்துகொண்டதில்லை.

ஆனால் பீரங்கி வெடிக்காமலேயே கப்பலின் வலிமை பயன்பட்டதற்கு 1856 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. வான்கூவர் தீவில் கவிச்சன் மக்களுள் ஒருவரான தத்லாசுட், தாமசு வில்லியம்சு என்ற குடியேறியைச் சுட்டுக் காயப்படுத்தினார். ஆளுநர் சேம்சு டக்ளசு, டிரிங்கோமாலியின் மாலுமிகளும் கடற்படை வீரர்களும் அடங்கிய நானூறுக்கும் மேற்பட்டோருடன் கவிச்சன் பள்ளத்தாக்குக்குச் சென்றார். தத்லாசுட் பிடிக்கப்பட்டு, அங்கேயே விசாரிக்கப்பட்டு, தம் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். காயமடைந்த வில்லியம்சோ உயிர் பிழைத்துக்கொண்டார். கடலில் காவல் புரிந்த கப்பல் என்று மட்டும் இதைச் சொல்வது நிறைவான வரலாறு ஆகாது.

அப்பகுதியில் இக்கப்பலின் நினைவாக டிரிங்கோமாலி நீரிணை என்னும் கடற்பகுதி உள்ளது. ஊசுட்டனின் பெயரிலும் அருகில் ஒரு நீர்வழி உண்டு. இவ்வாறு கனடாவின் மேற்குக் கரை நிலப்படத்தில் ஈழத்து ஊர் ஒன்றின் பெயர் இடம்பெற்றுவிட்டது.

பயிற்சிக் கப்பல்

1857 இல் தாயகம் திரும்பிய கப்பல் 1860 இல் சண்டர்லாந்திலும், 1862 முதல் 1877 வரை ஹார்ட்டில்பூலிலும், பின்னர் சவுத்தாம்ப்டன் அருகிலும் கடற்படைச் சேமப் படையினருக்குப் பயிற்சிக் கப்பலாக விளங்கியது. 1897 மே மாதம் உடைப்பதற்காக விற்கப்பட்டது. அதே ஆண்டு சூனில், நெல்சனின் பழைய கொடிக்கப்பலான பூட்ராயன்ட் பிளாக்பூலில் புயலால் உடைந்தது. அதன் உரிமையாளரான வீட்லி காப், ஈடாக டிரிங்கோமாலியை வாங்கி அதற்குப் பூட்ராயன்ட் என்றே பெயர் சூட்டினார். சிறுவர்களுக்கு மாலுமிப் பயிற்சி அளிக்கும் கப்பலாக இது பால்மவுத்தில் நின்றது. காப் 1931 இல் மறைந்ததும் 1932 இல் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அங்கு இதன் அருகில் நின்ற இம்பிளேக்கபிள், டிரபால்கர் சண்டையில் பிரெஞ்சுத் தரப்பில் போரிட்ட கப்பல். சீரமைக்கப் பணமில்லை என்று 1949 இல் அதைக் கடலில் மூழ்கடித்துவிட்டனர். பூட்ராயன்டுக்கு அந்த முடிவு நேரவில்லை. 1986 வரை பயிற்சிப் பணி தொடர்ந்தது.

சீரமைப்பு

1987 இல் கப்பல் பெரிய மிதவை மீது ஏற்றப்பட்டு ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையின்மை மிகுந்திருந்த அந்நகரில் இதன் சீரமைப்பு பல தொழிலாளருக்கு மரவேலையும் பாய்மர வேலையும் கற்கும் வாய்ப்பாக அமைந்தது. 1992 இல் டிரிங்கோமாலி என்ற பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. 2001 இல் பணி முடிந்தபோது, 1845 ஆம் ஆண்டு மாற்றங்களுக்குப் பிந்தைய தோற்றம் மீட்கப்பட்டிருந்தது. லீடா வகுப்பில் எஞ்சியுள்ள மற்றொரு கப்பல், 1824 இல் நீரில் இறக்கப்பட்ட யூனிகார்ன். கடற்பயணமே செய்யாமல் சேமிப்பில் வைக்கப்பட்ட அது இசுக்காட்லாந்தின் டன்டீ நகரில் உள்ளது.