கீரை தந்த மருந்து

மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியில் கீரைக் கட்டுகள் குவிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கீரைக்கும் குழந்தையின் முதுகெலும்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. அத்தொடர்பு வெளிப்பட்ட வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

தாயின் வயிற்றில் கரு உருவானதும், தட்டையான ஒரு தகடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. அக்குழாயிலிருந்தே மூளையும் தண்டுவடமும் தோன்றுகின்றன. ஏறக்குறைய 28 நாட்களில் இவ்வேலை முடிந்துவிடுகிறது. முதுகுப் பக்கத்தில் குழாய் ஓரிடத்தில் மூடாது நின்றால், அங்கே எலும்பும் இணைவதில்லை. இதுவே ‘ஸ்பைனா பிஃபிடா’ எனப்படும் முதுகெலும்புப் பிளவு. கடுமையாயின், கால்கள் வலுவிழக்கும். சிறுநீரை அடக்கும் ஆற்றல் குறையும். பலருக்குத் தலையில் நீர் தேங்கும்.

பிள்ளை ஊனத்துடன் பிறந்தால், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று தாயின்மேல் பழி சுமத்துவது நம்மிடையே பழைய வழக்கம். உண்மைக் காரணங்களுள் ஒன்றோ, வேறோர் ஆராய்ச்சியின் வழியே தெரியவந்தது.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் இந்தியா வந்து, கருவுற்ற பெண்களை வாட்டிய கொடிய சோகையை ஆராய்ந்தார். 1931-இன் தொடக்கத்தில், மயிலைக்கு அண்மையிலுள்ள திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட் சத்து அச்சோகையைப் போக்குகிறது என்று அதே ஆண்டில் அவர் வெளியிட்டார்.

அச்சத்தில் அடங்கிய பொருள் யாது? 1941-இல் அமெரிக்க அறிஞர் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர்.

இச்சத்தின் குறைவுக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1960-களில் லிவர்பூல் மருத்துவர்கள் கருதினர். 1991-இல் அது உறுதியாயிற்று. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார், கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உண்டபோது, குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்தது. கோஷா ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து இதற்கு 60 ஆண்டுகள் ஆயின.

அடையாற்றை அடுத்த வி.எச்.எஸ். மருத்துவமனையில், அதே லட்சுமிபதியின் பெயரால் ஒரு நரம்பியல் அறுவை நிலையம் அமைந்தது. அறுவை வல்லுநர் பிளவை மூடலாம். தலையில் தேங்கும் நீருக்கு வழி செய்யலாம். அக்குழந்தைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று சிறக்கலாம். ஆயினும் இழந்த நரம்பின் ஆற்றலை முழுதும் மீட்பது அரிது.

ஆகவே, முன்கூட்டிக் காப்பதே மேல். ஆனால் 28 நாட்களுக்குள், தான் கருவுற்றதையே பல பெண்கள் அறிவதில்லை! கீரை நன்று, எனினும் கொதிக்கக் கொதிக்க அதன் சத்து அழியும். எனவே, குழந்தைப்பேற்றை எண்ணும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்ண வேண்டும் என்கின்றனர் மருத்துவர். எல்லாப் பிளவையும் இது தடுத்துவிடாது. பரம்பரை முதலிய வேறு காரணங்களும் உள. அதனால்தான் எந்தத் தாயையும் பழித்தல் தகாது. மாணவர்களே, இச்செய்தியை இன்றே உங்கள் இல்லத்தில் சொல்லுங்கள். குழந்தை வருமுன் சொன்னால்தான் அது பயன்படும்.