யார் வந்தேறி? கண்டியின் வரலாறு சொல்லும் பதில்

"நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" கண்டிப் பிரதேச முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்கொள்ளும் கேள்வி இது. எமது பிள்ளைகளுக்கு நாம் கற்றுக் கொடுக்கும் பதிலும் மாறுவதில்லை. "நாங்கள் ஆயிரம் வருடங்களாக இங்கே வாழ்கிறோம்" என்கிறோம். பதில் பிழையானதல்ல. ஆனால், அந்தப் பதில் எம்மை என்றைக்காவது பாதுகாத்திருக்கிறதா?

போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். அவர்களில் பெருந்தொகையினர் கிழக்கில் குடியமர்த்தப்பட்டனர். மலைநாட்டு முஸ்லிம்கள் தவளம் எனப்பட்ட பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி வந்தனர். வைத்தியர்களாக அரண்மனையில் பணியாற்றினர். சேவைக்குப் பகரமாகக் கிராமங்களில் காணி பெற்றனர். இந்த உறவை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கலாநிதி லோனா தேவராஜா, 1994இல் வெளிவந்த தமது நூலுக்கு இட்ட தலைப்பே ஆயிரம் வருட இன ஐக்கியத்தைப் பற்றியது. ஆனால், அந்த ஐக்கியத்தின் காலத்தை அவர் 1915உடன் நிறுத்திக்கொண்டார்.

1915இல் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய முக்கால் நூற்றாண்டைப் பார்க்க வேண்டும். உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் பிரித்தானிய அரசு 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன்வசப்படுத்தித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் பின்னால் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கரையோர ஊர்களின் முஸ்லிம் வியாபாரிகளும் வந்து, கண்டியிலும் கம்பளையிலும் அரிசிக் கடையும் துணிக் கடையும் வைத்தனர். இவர்களே 'கரையோரச் சோனகர்' என அழைக்கப்பட்டனர். பரம்பரையாக இங்கு வாழ்ந்தவர்கள் 'இலங்கைச் சோனகர்'.

கண்டிச் சிங்களக் கிராமவாசியின் மனக்குறை பொய்யானதல்ல. அவருடைய காணி பறிபோனது, ஊரைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன, முதலாம் உலகப் போர் தொடங்கியதும் சாமான்களின் விலையும் ஏறியது. காணியைப் பறித்த ஆட்சியாளர் எட்டாத தூரத்தில் இருந்தார். கடன் கொடுத்த, விலை சொன்ன முதலாளியோ ஊர்ச் சந்தியில் இருந்தார். கோபம் அருகிலிருந்தவர் மீது திரும்பியது.

தீ மூண்டது கம்பளையில். வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹெர, அம்பகமுவ வீதியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற பிணக்கு நீதிமன்றம் சென்றது. 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் தமக்கு அந்த உரிமையைத் தருவதாகத் தேவாலயத் தரப்பு வாதிட்டது. 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டத்தில் முஸ்லிம் தரப்பு வென்றது. ஆனால், சந்தியிலும் சந்தையிலும் கசப்பு கூடியது.

அந்த ஆண்டு மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் அருகே பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்றின்போது மோதல் வெடித்தது. சில நாட்களுக்குள் நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஐந்துக்குக் கலவரம் பரவியது. நான்காயிரத்துக்கும் அதிகமான கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமானது. அதன் கீழ் பிரித்தானியர் நடத்திய அடக்குமுறையில் சிங்கள மக்களும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தனர்.

பிணக்கு கரையோரச் சோனகருடன் மாத்திரமே என்று அன்று சொல்லப்பட்டது. ஆனால், கல்லெறிந்தவர்கள் யாருடைய பூட்டன் எங்கே பிறந்தான் என்று விசாரிக்கவில்லை. செனரத் மன்னர் காலத்துக் குடும்பமும் நேற்றுக் கப்பலில் வந்த குடும்பமும் ஒரே கூட்டத்திடம்தான் அடிபட்டன.

1948இல் இதே கேள்வி வேறொரு மக்களிடம், இம்முறை சட்டத்தின் வடிவில் கேட்கப்பட்டது. இலங்கையில் பிறந்த ஒருவர்கூடத் தமது தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது பிரஜாவுரிமைச் சட்டம். பிறப்புச் சான்றிதழே இல்லாத தோட்ட மக்களால் எதைக் காட்ட முடியும்? சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில், எமது சமூகம் பெருமையுடன் நினைவுகூரும் டி.பி. ஜாயாவும் இருந்தார். கடைசி நாடற்றவருக்கும் உரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை, 55 ஆண்டுகள் சென்றன. 'கள்ளத்தோணி' என்ற சொல் எமது வீடுகளிலும் சாதாரணமாகப் புழங்கியது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

பிறகு 2018. வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது ஒரு குற்றம். விசாரிக்கப்பட வேண்டியவர்கள் அதைச் செய்தவர்கள். ஆனால், தண்டனை திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் அதனுடன் சம்பந்தமே இல்லாதவர்களுக்கு விழுந்தது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. வெறுப்புப் பதிவுகள் தமது தளத்தில் பரவியதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. 2018இல் தாக்கப்பட்டவர்களைக் கரையோரத்திலிருந்து வந்தவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் வருடப் பதில் அவர்களிடமும் இருந்தது. உதவியதோ அண்டை வீடு. பள்ளிவாசலுக்குக் காவல் நின்ற சிங்கள அயலவர்களும் பௌத்த பிக்குகளும் எமது பூர்வீகச் சான்றைக் கேட்டுவிட்டு வரவில்லை.

யார் முதலில் வந்தார் என்ற கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்குக் கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாகத் தம்பானைக்குச் சென்றால் சான்று கிடைக்கும். அங்கே வாழும் வேடர்களே இத்தீவின் ஆதிக்குடிகள். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானதும் அவர்களது வேட்டைக் காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட இடமானது. முதலில் வந்தவர் என்ற தகுதி அவர்களுக்கே பயன்படவில்லை.

முஸ்லிமுக்கு 'வந்தவர்' என்ற சொல் இழிவானதா? எமது வருடக் கணக்கே ஓர் இடம்பெயர்விலிருந்து தொடங்குகிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்சார்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கினார்கள். யார் பழையவர் என்று தரம் பிரிக்கவில்லை.

எனவே, பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கற்றுக் கொடுப்போம். தவளத்தையும் செனரத் மன்னரையும் அவர்கள் அறியட்டும். ஆனால், அதை உரிமைப் பத்திரமாகக் கையில் கொடுக்க வேண்டாம். "எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால், "நான் இந்நாட்டின் பிரஜை, தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையைப் போலவே, கண்டிக் கிராமத்தில் பிறந்த பிள்ளையைப் போலவே" என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லும் பிள்ளை, நாளை வேறொருவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்காது.