பெட்டி, அம்புக்குறி, கொஞ்சம் கொசுவத்தி

முதல்ல ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் ஃப்ரெஷரா சேர்ந்த கம்பெனியில (பேரெல்லாம் வேணாம்) முதல் நாளே தடிமனா ஒரு பிராசஸ் டாக்குமெண்ட்டைக் கையில கொடுத்தாங்க. பக்கத்துக்குப் பக்கம் பெட்டி, அம்புக்குறி. 'டிசைன் ரிவ்யூ'ன்னு ஒரு பெட்டி. அதுலேர்ந்து கோடிங்குக்கு ஒரே ஒரு அம்பு. ரிவ்யூல ஊத்திக்கிச்சுன்னா எங்க போகணும்? படத்துல இல்ல. என்கூட சேர்ந்த நண்பன் படத்தை நம்பி அடுத்த பெட்டிக்குப் போயிட்டான். ரிலீஸ் சொதப்பினப்போ மெமோ வந்தது அவனுக்கு. படம் வரைஞ்சவருக்கு இல்ல.

அந்தக் கடுப்புல, இந்தப் பெட்டிகளை யாருதான் ஆரம்பிச்சு வெச்சாங்கன்னு தேடப் போனேன்.

எல்லாரும் கை காட்டறது வின்ஸ்டன் ராய்ஸை. 1970-ல அவர் எழுதின கட்டுரையில, படிக்கட்டு மாதிரி இறங்கற படம் நிஜமாவே இருக்கு. ஆனா இப்படியே செஞ்சா ஆபத்து, தோல்வியில முடியும்னும் அவரே எழுதியிருக்கார். மிச்சக் கட்டுரை அதைச் சரிபண்ற வழிகள்தான். 'வாட்டர்ஃபால்'ங்கற வார்த்தையே அதுல கிடையாது. படம் பரவின வேகத்துக்கு எழுத்து பரவலை, பாவம் மனுஷன்.

அடுத்து 1987. கலிபோர்னியாவுல மான்டெரேயில நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டுல லியோன் ஆஸ்டர்வைல் ஒரு குண்டைப் போட்டார். மென்பொருள் உருவாக்கற முறையும் ஒரு மென்பொருள்தான், அதனால அதையும் புரோகிராமா எழுதுங்கன்னார். அவர் குழு அடா மொழியை நீட்டி 'ஆப்பிள்-ஏ'ன்னு ஒரு மொழியே செஞ்சது (நம்ம ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் இல்லீங்க :-)). அதே மாநாட்டுல மேனி லேமன் மறுத்துப் பேசினார். வழி முன்னாடியே தெரிஞ்ச வேலைக்கு புரோகிராம் எழுதலாம், யோசிச்சு யோசிச்சு வழி கண்டுபிடிக்கற வேலைக்கு எப்படி எழுதறதுங்கறதுதான் அவர் வாதத்தோட சாரம். என் ஓட்டு லேமனுக்கு. ஆனா ஆஸ்டர்வைல் இல்லைன்னா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு குறியீடு. பெட்ரி நெட், ஸ்டேட்சார்ட், விதிகள்னு கடை விரிச்சாங்க. எது தேவலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மார்க் கெல்னரும் சிலரும் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவா ஒரே கணக்கு கொடுத்தாங்க. 1990-ல ஜப்பான்ல ஹகோடாடேயில நடந்த பட்டறைக்குன்னு தயாரிச்சது. தேவை மாறினதால ஒரு மாட்யூல்ல சின்ன மாற்றம், அவ்வளவுதான். வேலையைப் பிரிச்சுக் கொடுக்கறதுல ஆரம்பிச்சு யூனிட் டெஸ்ட் வரைக்கும் எட்டு படிகள். கேக்கறதுக்கு எல்கேஜி கணக்கு மாதிரி இருக்கும். ஆனா உள்ள கண்ணிவெடி இருக்கு. ரிவ்யூ முடிவு ரெண்டு இல்ல, மூணு: சரி, சின்னத் திருத்தம், பெரிய திருத்தம். டிசைனுக்கு ஒப்புதல் கிடைக்கறதுக்கு முன்னாடியே கோடிங்கை ஆரம்பிக்கவும் செய்யலாம். தினம் ஆபீஸ்ல நாம பண்றதுதானே! ஒரே அம்பு போட்ட படம் இங்கதான் பல்லிளிக்கும்.

நான் ரசிச்சது வேற ஒண்ணு. அந்தக் கணக்கை சாதாரண ஆங்கிலத்துலதான் எழுதியிருந்தாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது. விடைகளைப் படிக்கத்தான் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு குறியீடு கத்துக்க வேண்டியிருந்தது! மெஷின் ஓட்டறதுக்கு எழுதறதும் மனுஷனுக்குச் சொல்றதுக்கு எழுதறதும் வேற வேறன்னு எனக்கு உறைச்சது அங்கதான்.

1992-ல கர்ட்டிஸ், கெல்னர், ஓவர் மூணு பேரும் நாலு கோணம்னு பிரிச்சாங்க: என்ன வேலை, எப்போ எப்படி, யாரு எங்கே, எந்தத் தகவல். எங்க கம்பெனிப் படத்துல முதல் கோணம் மட்டும்தான் இருந்துச்சு.

2001-ல அஜைல் அறிக்கை வந்ததும் ஸ்டிக்கி நோட் ஜெயிச்சுடுச்சுன்னு வெச்சுக்கலாம். ஆனா ஆஸ்டர்வைல் கூட்டம் கடையை மூடலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல 'லிட்டில்-ஜில்'னு அடுத்த மொழியைச் செஞ்சாங்க, இந்தத் தடவை படமாவே வரையற மாதிரி. தப்பு நடந்தா எங்க போகணும்ங்கறதுக்கு அதுல தனி இடமே உண்டு. 2000-க்கு அப்புறம் அதை எதுக்கு எடுத்துட்டுப் போனாங்க தெரியுமா? ஆஸ்பத்திரியில நோயாளிக்கு ரத்தம் ஏத்தற நடைமுறையை எழுதிப் பார்த்து, எங்க தப்பு நடக்கலாம்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கறதுக்கு.