மாஸ்டிஃப் நாய் நம் வீட்டுக்கு ஏற்றதா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மோட்டார் ஒயர் திருட்டு, மாந்தோப்பில் காய் திருட்டு, இரவில் ஆட்டுப்பட்டியைச் சுற்றும் தெருநாய்கள் என்று பல காரணங்களுக்காக விவசாயிகள் காவல் நாய் தேடுகிறார்கள். செல்போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கன்றுக்குட்டி அளவு இருக்கும் மாஸ்டிஃப் நாயை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை போன்ற ஊரில் இந்த நாயை வீட்டு நாயாக வளர்க்க முடியுமா என்பதை இங்கே பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால், மாஸ்டிஃப் குணத்தில் கெட்ட நாய் அல்ல. ஆனால் அதன் எடையும், நம் ஊர் வெயிலும், வளர்ப்புச் செலவும் சேரும்போது பெரும்பாலான விவசாயக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது.

மாஸ்டிஃப் என்பது ஒரே நாயா?

இல்லை. பெரிய தலை, அகன்ற மார்பு, தொங்கும் உதடு கொண்ட பல காவல் நாய் இனங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் இது.

இங்கிலீஷ் மாஸ்டிஃப்: இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. ஆண் நாய் சுமார் 75 முதல் 100 கிலோ வரை, பெண் நாய் சுமார் 55 முதல் 75 கிலோ வரை இருக்கும்.

புல்மாஸ்டிஃப்: 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பண்ணைக் காவலர்கள் மாஸ்டிஃப், புல்டாக் இரண்டையும் கலந்து உருவாக்கிய இனம். இரவில் வேட்டை விலங்குகளைத் திருட வருபவனைக் கடித்துக் குதறாமல், கீழே தள்ளி அமுக்கிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டது. ஆண் நாய் 50 முதல் 60 கிலோ இருக்கும்.

திபெத்தியன் மாஸ்டிஃப்: பனி மலைக்கான அடர்ந்த முடி கொண்டது. நம் சமவெளி வெயிலுக்குக் கொஞ்சமும் ஏற்றதல்ல.

இவை தவிர கேன் கோர்சோ, நியாபாலிட்டன், பிரெஞ்சு மாஸ்டிஃப் போன்றவையும் உண்டு. 'அலங்கு', 'புல்லி குத்தா' என்ற பெயர்களிலும் இதே உடல்வாகு கொண்ட நாய்கள் விற்கப்படுகின்றன.

வீட்டில் அதன் குணம்

நன்றாக வளர்க்கப்பட்ட இங்கிலீஷ் மாஸ்டிஃப் அமைதியானது. தேவையில்லாமல் குரைக்காது. வீட்டு ஆட்களை விட்டுப் பிரியாமல் காலடியிலேயே படுத்துக் கிடக்கும். அந்நியர் வந்தால் உடனே பாயாமல், குறுக்கே வந்து நிற்பதுதான் இதன் வழக்கம். எச்சில் அதிகம் வடியும், தூங்கும்போது குறட்டை விடும்.

ஆபத்து பெரும்பாலும் கோபத்தால் வருவதில்லை, எடையால் வருகிறது. 80 கிலோ நாய் பாசத்தோடு மேலே சாய்ந்தாலே சிறு குழந்தையும் முதியவரும் கீழே விழுவார்கள். சங்கிலியைப் பிடித்திருப்பவரை விட நாய் கனமாக இருந்தால், அது இழுக்கும்போது நிறுத்த முடியாது. சின்ன நாய் கடித்தால் தையல் போடும் அளவுக்குக் காயம் ஆகலாம். இந்த நாய் ஒரே ஒரு முறை கடித்தாலும் உயிருக்கே ஆபத்து. எனவே எவ்வளவு சாதுவாக இருந்தாலும் குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது.

குட்டிக்கு 3 வாரம் முதல் 14 வாரம் வரையிலான காலம் மிக முக்கியம். அந்த வயதில் புது மனிதர்கள், குழந்தைகள், ஆடு மாடு, டிராக்டர் சத்தம் எல்லாம் பழகிவிட்டால்தான் பிறகு பயந்து கடிக்காமல் இருக்கும். ஆள் நடமாட்டமே பார்க்காமல் கட்டி வைத்து வளர்த்த நாய் காவல் நாய் ஆகாது, யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாத நாயாகிவிடும்.

பொதட்டூர்பேட்டை தறி ஓடும் ஊர். தறி உள்ள வீட்டில் பாவு கொண்டு வருபவர், நூல் கொண்டு வருபவர், வேலையாள் என்று நாள் முழுவதும் ஆட்கள் வந்து போவார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வரும் உறவினர்கள் வீட்டில் தங்குவார்கள். இப்படிப்பட்ட வீட்டில் பெரிய காவல் நாயைச் சமாளிப்பது எளிதல்ல. வேலி போட்ட தோட்டத்தில் தனி வீடு இருப்பவர்களுக்கு மட்டுமே ஓரளவு சாத்தியம்.

வெயில்தான் முதல் எதிரி

கோடையில் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் திருத்தணியும் ஒன்று. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். நாய்க்கு மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கும். உடல் பெரிதாகவும் முகம் குட்டையாகவும் இருக்கும் நாயால் அந்தச் சூட்டை வேகமாக வெளியேற்ற முடியாது.

தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் கட்டக் கூடாது. மர நிழல் அல்லது கீற்றுக் கொட்டகை, காற்றோட்டம், எப்போதும் குடிநீர் வேண்டும். கோடையில் காலை வெயில் ஏறும் முன்பும், மாலை தரை ஆறிய பிறகும்தான் நடக்க வைக்க வேண்டும்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டி, நாய் தள்ளாடினாலோ, ஈறு கருஞ்சிவப்பாக மாறினாலோ வெப்ப அதிர்ச்சி என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வாயில் தண்ணீரைத் திணித்து ஊற்றக் கூடாது.

தீனியும் செலவும்

வளர்ந்த இங்கிலீஷ் மாஸ்டிஃபுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ உலர் தீவனம் தேவைப்படலாம். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 6,000 ரூபாய் ஆகிறது. குடற்புழு மருந்து முதல் மயக்க மருந்து வரை பெரும்பாலான மருந்துகளின் அளவு உடல் எடைக்கு ஏற்பக் கூடும் என்பதால் மருத்துவச் செலவும் அதே கணக்கில் கூடும். பால் சோறு மட்டும் போட்டு இந்த நாயை வளர்க்க முடியாது.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குட்டி சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று அதிகத் தீனியும் கால்சியம் டானிக்கும் கொடுப்பார்கள். பெரிய இனக் குட்டிக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பையும் மூட்டையும் கெடுத்து, காலை வளைத்துவிடும். மருத்துவர் சொல்லாமல் டானிக் கொடுக்கக் கூடாது. ஒன்றரை வயது வரை படிக்கட்டில் ஓட விடுவது, உயரத்திலிருந்து குதிக்க விடுவது, வண்டியோடு ஓட்டுவது வேண்டாம்.

நோய்களும் ஆயுளும்

வயிறு முறுக்கிக்கொள்ளுதல்: ஆழமான மார்பு கொண்ட பெரிய நாய்களுக்கு வரும் கொடிய நோய். இரைப்பையில் காற்று நிறைந்து அது திருகிக்கொள்ளும். வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயலும் ஆனால் எதுவும் வராது, எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் தவிக்கும். சில மணி நேரத்தில் உயிர் போகும், பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். இரவில் இந்த வசதி எங்கே கிடைக்கும் என்பதை நாய் வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். தீனியை 2 அல்லது 3 வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்றவுடன் ஓட விடாமல் இருப்பதும் நல்லது.

இடுப்பு மூட்டுக் கோளாறு: பரம்பரையாக வரும். தாய், தந்தை நாய்கள் நொண்டாமல் நடக்கின்றனவா என்று நேரில் பார்த்த பிறகே குட்டி வாங்க வேண்டும்.

உண்ணி: உண்ணியால் ரத்த நோய்கள் பரவும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து நாய் மேல் பூசுவது உயிருக்கே உலை வைக்கும். நாய்க்கென உள்ள மருந்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். எலி மருந்து, குருணை மருந்து, காலி மருந்து டப்பாக்களை நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இங்கிலீஷ் மாஸ்டிஃபின் ஆயுள் சுமார் 6 முதல் 10 ஆண்டுகள்தான்.

தடுப்பூசியும் நாய்க்கடியும்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

சொந்த நாயே கடித்தாலும், பல் கீறினாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்லும் எல்லா நாட்களிலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாஸ்டிஃப், கேன் கோர்சோ, பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கு உரிமம் வழங்கக் கூடாது என்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2024 மார்ச் 12 அன்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று ரத்து செய்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும் கால்நடை மருந்தகத்திலும் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளவும்.

வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நாயை அளவுக்கு மீறி நீண்ட நேரம் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதும் விதிமீறல்.

காவலுக்கு என்ன நாய் வளர்க்கலாம்?

நம் வெயிலில் பிறந்து வளர்ந்த இனங்கள் நம்மிடமே உள்ளன. தேனி மாவட்டத்தின் கோம்பை நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தேசிய கால்நடை மரபுவள அமைப்பில் பதிவு பெற்ற இனங்கள். 

இவற்றிலும் கவனம் தேவை. ராஜபாளையம் அந்நியர் தொடுவதை விரும்பாது. வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கும், எனவே பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேண்டும், பழக்காவிட்டால் கோழியையும் ஆட்டையும் துரத்தும்.

தோட்டத்துக்கு ஆள் வந்தால் குரல் கொடுக்க ஒரு நாய் போதும் என்றால், தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே போதுமானது. வெயிலைத் தாங்கும், வீட்டுச் சோற்றோடு முட்டையோ கறியோ சேர்த்துக் கொடுத்தால் நன்றாக வளரும். தடுப்பூசியும் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்து வளர்த்தால் பல ஆண்டுகள் துணை இருக்கும். திருடன் பயப்படுவது நாயின் எடைக்கு அல்ல, நடு இரவில் அது எழுப்பும் குரலுக்கும் அதைக் கேட்டு எழுந்து வரும் ஆளுக்கும்தான்.

எந்த நாயை வாங்குவதாக இருந்தாலும், முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் மருத்துவரிடம் ஆலோசனை பெற்ற பிறகு முடிவு செய்யவும்.