அம்மாவின் கனகாம்பரமும் கேரியின் டெய்சியும்

வழக்கமா இங்கே ரயில் பயணம், இட்லி மாவு புளிக்காத கதை, டிரான்ஸ்ஃபர் புலம்பல் இப்படித்தான் எழுதுவேன். இன்னிக்குக் கொஞ்சம் சரித்திரம். பி.காம். படிச்சுட்டு பேங்க்கில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு சரித்திரம் எதுக்குன்னு கேட்காதீங்க. எல்லாத்துக்கும் காரணம் ஒரு கனகாம்பரச் செடி.

முதல்ல ஒரு சின்னக் கொசுவத்தி. நாலு வருஷம் முன்னாடி மாயவரத்திலிருந்து கல்கத்தாவுக்கு (கொல்கத்தான்னு எழுதணும், வாயில் வருவது இதுதான்) கிளம்பும்போது அம்மா ஒரு பழைய பேங்க் சலானை நாலா மடிச்சுக் கையில் கொடுத்தாங்க. உள்ளே கொல்லைக் கனகாம்பரத்தின் விதை. "அங்க பூ கிடைக்குமோ கிடைக்காதோ, தொட்டியில போட்டு வைடா. இவளுக்கு ஆகும்" என்றார்கள். அடுத்த தை மாசம் அம்மா போயிட்டாங்க.

கல்கத்தா வந்த ஜோரில் ஆனி மாசமே பாதி விதையைப் போட்டேன். முளைச்ச அஞ்சாறும் மழையில் அழுகிப் போச்சு. மறு வருஷம் ஐப்பசியில் மீதியைப் போட்டேன். இந்தத் தடவை நல்லா வந்தது. மாசியில் பூத்தது. என் மனைவி தினம் ஒரு முழம்கூடத் தேறாத சரத்தைக் கட்டி அம்மா படத்துக்குப் போடுவாள். ஆடி மழையில் அதுவும் வேர் அழுகிச் செத்தது. செடி செத்த அன்னிக்கு, சொன்னா சிரிப்பீங்க, ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். கையில் விதை இல்லை, கொடுத்தவங்களும் இல்லை. அம்மாவிடமிருந்து வந்த கடைசிப் பொருளை நானே தண்ணீர் ஊற்றிக் கொன்ற மாதிரி இருந்தது.

அந்த ஊரில் தோட்டம் போட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான். தேடப்போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார்.

*

கல்கத்தாவில் தோட்டம் என்றால் ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில்தான் தொடங்க வேண்டும். 1787-ல் கர்னல் ராபர்ட் கிட் என்ற கம்பெனி ராணுவ அதிகாரியின் யோசனையில் உருவானது. இப்போது ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் பெயரில் இருக்கிறது. அந்தப் பெரிய ஆலமரத்தைப் பார்க்க எல்லோரும் போயிருப்பீங்க. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பூ பார்க்கவா போட்டது? கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், விற்கிறதுக்கு வாசனைச் சரக்கு வேண்டும். சுருக்கமா சொன்னா அது ஒரு முதலீடு.

1793-ல் அந்தத் தோட்டப் பொறுப்புக்கு வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இவர் நம்ம பக்கத்திலிருந்து போனவர். சென்னை மாகாணத்தில் கம்பெனி வைத்தியராக இருந்தவர். அவருக்குச் செடிப் பைத்தியம் பிடிக்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிஷ்காரர்களிடம் வேலைக்கு வந்து இறங்கிய இடம் தரங்கம்பாடி. எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சின்ன வயசில் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்ற எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ராக்ஸ்பர்க் வந்தபோது சிப்பூரில் இருந்தது சுமார் 300 வகைச் செடி. 1814-ல் வெளியான பட்டியலில் சுமார் 3,500. அந்தப் பட்டியலை அச்சடித்து வெளியிட்டவர்தான் நான் சொல்ல வந்த ஆள்.

*

வில்லியம் கேரி. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் 1761-ல் பிறந்தவர். தொழில், செருப்பு தைப்பது. 1793-ல் பாதிரியாராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவருடைய சமயப் பணியும், வங்காள மொழிக்கும் அச்சுக்கும் செய்ததும் பெரிய கதை. அதுக்குள்ளே நான் போகலை. நான் பார்த்தது தோட்டக்கார கேரியை மட்டும்.

அவர் மனைவி டோரதிக்கு இந்தியா வரவே விருப்பம் இல்லை. முதலில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். வந்த மறு வருஷமே அஞ்சு வயசுப் பையன் பீட்டர் சீதபேதியில் போய்விட்டான். டோரதிக்குப் புத்தி பேதலித்தது. 1807-ல் இறக்கும்வரை சரியாகவில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் நாம் சம்பளம், வீட்டு வாடகைப் படி எல்லாம் கணக்குப் போடுகிறோம். கூட வருகிறவர்களுக்கு அது என்ன விலை என்று ஒரு பத்தியும் அந்த உத்தரவில் இருக்காது. இதைப் படித்த அன்னிக்கு ராத்திரி மனைவியிடம், "இங்க வந்தது உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "நாலு வருஷம் கழிச்சா கேக்கறீங்க?" என்றாள். அதுக்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை :-)

கம்பெனி தன் எல்லையில் பாதிரியார்களை அனுமதிக்காததால், 1800-ல் கேரி டேனிஷ்காரர்களின் ஸ்ரீராம்பூருக்குக் குடிபோனார். ஸ்ரீராம்பூரும் தரங்கம்பாடியும் அப்போது ஒரே டென்மார்க் ராஜாவின் ஊர்கள். 1845-ல் இரண்டையும் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் ஸ்ரீராம்பூர் போய் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தபோது, ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

அங்கேதான் கேரி அஞ்சு ஏக்கரில் தோட்டம் போட்டார். ராக்ஸ்பர்க்கோடு செடி மாற்றிக்கொள்வார். ராக்ஸ்பர்க் ஒரு மர இனத்துக்கு நண்பரின் பெயரில் கேரியா என்றே பெயர் வைத்தார். இங்கிலாந்திலிருக்கும் நண்பர்களுக்கு விதை கேட்டு எழுதுவார். அவர்களும் அனுப்புவார்கள். அப்படி ஒரு தடவை விதை வந்த பையைக் காலி செய்துவிட்டு, மிச்சம் மீதி ஒட்டியிருக்குமே என்று நிழலான ஓர் இடத்தில் பையை உதறினார். சில நாள் கழித்து அங்கே ஏதோ முளைத்தது. பார்த்தால் டெய்சி! அவர் ஊரில் புல்தரையில் தானாக மண்டிக் கிடக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன வெள்ளைப் பூ. அதை யாரும் வேண்டுமென்று அனுப்பவில்லை. பையில் ஒட்டியிருந்த மண்ணோடு வந்தது.

இங்கே வந்த பிறகு அவ்வளவு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை என்கிற அர்த்தத்தில் அவர் ஊருக்குக் கடிதம் எழுதினார். இனிமேல் வாழ்நாளில் பார்ப்போம் என்றே நினைத்திராத பூ அது. கடைசிவரை அவர் ஊர் திரும்பவும் இல்லை.

எனக்கு வேண்டிய தகவல் இதுக்கு அடுத்ததுதான். டெய்சி அவர் ஊரில் வருஷக்கணக்கில் நிற்கிற செடி. வங்காளத்தில் நிற்கவில்லை. அதனால் கேரி செடியைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு விதையைக் காப்பாற்றினார். ஒவ்வொரு பருவமும் விதை எடுத்து வைத்து, மறுபடி விதைத்து, மறுபடி எடுத்து... இப்படித்தான் அந்தப் பூவை இந்தியாவில் தொடர வைத்தார்.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். கனகாம்பரமும் நம்ம ஊரில் வருஷக்கணக்கில் நிற்கிற செடிதானே. நான் இத்தனை நாள் செடியை அல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

*

வீட்டில் பூச்செடி வளர்க்கும் பழக்கத்துக்கும் கேரிக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1820-ல் அவர் ஒரு விவசாய, தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியர்களும் உறுப்பினராகலாம் என்பதை முதலிலேயே சேர்த்துவிட்டார். அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சங்கம் 200 வருஷம் தாண்டி இன்னும் அலிப்பூரில் இருக்கிறது. குளிர்காலத்தில் மலர்க் கண்காட்சி நடத்துகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு டேலியாவை அங்கேதான் முதல்முதலில் பார்த்தேன். ஒரே செடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பூக்கும் 'மேரி பால்மர்' என்ற காகிதப்பூ வகை தெரியுமா? 1940களின் கடைசியில் அந்தத் தோட்டத்தில்தான் ஒரு கிளையில் தானாகத் தோன்றியது.

கப்பல் மேல்தளத்தில் உப்புக்காற்றில் செடிகள் செத்துக்கொண்டிருந்த நிலைமையும் பிறகு மாறியது. 1829-ல் லண்டனில் வார்டு என்கிற டாக்டர், மூடி வைத்த கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீர் ஊற்றாமலே பெரணிச் செடி முளைத்ததைக் கவனித்தார். 1833-ல் கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகளை வைத்து ஆஸ்திரேலியா வரைக்கும் அனுப்பிப் பார்த்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன்பின் விதையாக மட்டும் இல்லாமல் முழுச் செடியாகவே ஊர்விட்டு ஊர் போக ஆரம்பித்தன.

இதெல்லாம் தெரிந்த பிறகு என் பால்கனியில் ஒரு ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடத்தினேன் (தொழில் புத்தி).

செண்டுமல்லி: மெக்சிகோ. நித்தியகல்யாணி: மடகாஸ்கர். இங்கே நயன்தாரா என்பார்கள், நடிகை இல்லை. அந்திமந்தாரை: அமெரிக்கக் கண்டம். காகிதப்பூ: 1760களில் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் பிரேசிலில் பார்த்தது. செவ்வந்தி: சீனம். மணி பிளாண்ட்: பசிபிக் கடலில் மோரியா என்ற குட்டித் தீவு.

இதில் பெரிய அதிர்ச்சி சம்பங்கிதான். நம்ம கல்யாண மாலையில் இருப்பதும் அதே பூ, வங்காளிகள் ரஜனிகந்தா என்று கல்யாணப் பந்தலில் தொங்கவிடுவதும் அதே பூ. ரெண்டு பேரும் தங்கள் பூ என்கிறோம். சொந்த ஊர் மெக்சிகோ.

ஒன்பதாவது படிக்கும் மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம ஊர்ப் பூன்னு ஒண்ணு இருக்காப்பா?" என்றாள். இருக்கு. கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. டெல்லி கனகாம்பரம்னு கடையில் விற்கிறதே, அது விதை வைக்காது, தண்டை வெட்டித்தான் நடணும். பாட்டி கொடுத்தது விதை வைக்கிற பழைய ஆரஞ்சு ஜாதி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இந்த பால்கனியில நாமளும் கனகாம்பரமும் மட்டும்தான் ஊர்க்காரங்க" என்றாள். அவள் பள்ளியில் வங்காளியில் கனவு காண்கிற பெண். 'நாமளும்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் போதும்.

*

விதை இல்லையே என்று புலம்பியதைச் சொன்னேன் இல்லையா? இவள் ஒன்றும் பேசாமல் பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளே கனகாம்பரக் காய்கள். செடி பூத்துக்கொண்டிருந்தபோதே காய்ந்த கதிர்களை எடுத்து வைத்திருக்கிறாள். "அத்தை எப்பவும் எடுத்து வைப்பாங்க, நானும் வெச்சேன்." நான் ஸ்ரீராம்பூர் வரை போய்த் தெரிந்துகொண்டதை அவள் மாமியாரிடம் பார்த்தே கற்றிருந்தாள்.

காய்ந்த கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், தெரியும்தானே. ஒரு தட்டில் போட்டு மகளைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னோம். சின்ன வயசில் நான் வாயில் போட்டு வெடிக்கவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியது ஞாபகம் வந்தது. தேறியது பதினோரு விதை. இங்கத்துக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதால் பாதிக்குப் பாதி மணல் கலந்தேன். மழை முடிந்து ஐப்பசியில் போட்டோம். ஏழு முளைத்தது. பூத்தது. மழைக்கு முன்னால் காய்களைப் பறித்துவிட்டோம். ஆடியில் நாலு செடி செத்தது. இந்தத் தடவை நான் லீவு போடவில்லை.

கேரிக்கும் ஒரு மழை வந்தது. 1823 அக்டோபரில் தாமோதர் நதி கரை உடைத்து ஸ்ரீராம்பூர் முழுக்க வெள்ளம். அப்போதுதான் படகிலிருந்து இறங்கும்போது விழுந்து அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். வயசு அறுபதைத் தாண்டியாகிவிட்டது. அத்தனை வருஷத் தோட்டம் போனது. எழுந்து நடமாடியதும் மறுபடி போட ஆரம்பித்தார். 1834-ல் சாகக் கிடந்தபோதும், தான் போனபின் சகபாடி மார்ஷ்மன் தோட்டத்தில் மாட்டை விட்டுவிடுவாரோ என்று கவலைப்பட்டாராம்.

எனக்கும் அந்தக் கவலை உண்டு. அடுத்த மாற்றல் பட்டியலில் என் பெயர் வரும். எந்த ஊரோ, பால்கனி இருக்குமோ இல்லையோ. இருபத்திரண்டு தொட்டியையும் எதிர் ஃபிளாட் தாதாவிடம் ஒப்படைப்பதாகப் பேசியிருக்கிறோம். அவருக்குக் கனகாம்பரம் என்று வாயில் நுழையவில்லை, "மாசீர் பூல்" என்கிறார். மாசி என்றால் சித்தி. இவளைத்தான் சொல்கிறார்.

போன வாரம் விதையை எண்ணினேன். நாற்பத்து மூணு. பாதியை தாதாவுக்குக் கொடுத்தாச்சு. மீதியை அம்மா கொடுத்த அதே சலானில் மடிச்சு வெச்சிருக்கேன். மடிப்பில் கிழிய ஆரம்பிச்சிருக்கு, செல்லோ டேப் ஒட்டணும்.

கல்கத்தாக்காரங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, அஞ்சு விதை தர்றேன். ஆனா அடுத்த வருஷம் விதை எடுத்து வைக்கணும். உங்க வீட்டுத் தொட்டியில் ஊரிலிருந்து கூட வந்தது எதுன்னும் எழுதுங்க.