கிருமி
ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் நண்பர், "இலைப்பேன் தாங்கல, கிருமிநாசினி அடிக்கணும்" என்றார். தருமபுரி தாண்டிக் கடையில் இப்படிக் கேட்டால் பினாயிலை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் கர்நாடக எல்லையோர அத்திப்பள்ளியில் சரியான டப்பா வரும்; கன்னடத்தில் 'கிரிமிநாசக' என்றால் பூச்சிமருந்துதான். பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூலத்துக்குக் கிட்டத்தில் நிற்பவர் அவரே. வடமொழியில் 'க்ருமி' புழு. ராமானுஜரை மேல்கோட்டைக்கு விரட்டியதாக வைணவர் சொல்லும் 'கிருமிகண்ட சோழன்' கழுத்தில் நெளிந்ததும் புழுதான். பாரசீகம், அரபு வழியே போன அதே சொல், பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தால் ஆங்கிலத்தில் 'கிரிம்சன்' என்ற செந்நிறமும் ஆனது. பாஸ்டர், கோக் காலத்துக்குப் பின் கண்ணுக்குத் தெரியாதவற்றையெல்லாம் இந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். பாக்டீரியா, கிரேக்கத்தில் சிறு கோல், செல்சுவர் கொண்ட முழு உயிர். தீனியும் சூடும் வாய்த்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். வைரஸ், லத்தீனில் நஞ்சு, அதற்குச் செல்லே கிடையாது. பிறர் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். பென்சிலின் கெடுப்பது செல்சுவர் கட்டும் வேலையை. சுவரே இல்லாத ஃப்ளூ வைரஸுக்குக் 'கிருமி மாத்திரை' கேட்பது இந்தச் சாக்கு செய்த குழப்பம். 'நுண்ணுயிர்' நல்ல சொல்தான். வைரஸ் உயிரா என்ற இடத்தில் இடறும். 2020-இல் நாளிதழில் படித்த 'தீநுண்மி' அதைத் தாண்டிவிடுகிறது. பாக்டீரியாவை மட்டும் அழிக்கும் வைரஸ்களும் உண்டே, அவற்றுக்கு எதற்குத் 'தீ'? வெறும் 'நுண்மி' போதும்.